அறுகம்குடாவில் மூன்று மாதம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று நாள் சுற்றுலாவாக அறுகம்குடா போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ஒரு அறையைப் பதிவு செய்து, ஒரு நாள் அலைச்சறுக்குப் (சர்ஃபிங்) பலகை எடுத்து, படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவில் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் இரண்டு மூன்று மாதம் தங்கி அலைச்சறுக்கு கற்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மே முதல் வாரம் திருச்சியிலிருந்து போய் ஜூலைக் கடைசி வரை இருந்தேன். கடல் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. விசா நாட்களைத் தப்பாக எண்ணியதாலும், அறைக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டியதாலும் இரண்டு வாரமும் கணிசமான காசும் போயிற்று. உங்களுக்கு அது நடக்க வேண்டாம்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

அறுகம்குடாவின் அலைக்காலம் ஏறக்குறைய ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்கள் இவை. தெற்கே வெகு தூரத்தில் கிளம்பும் அலை இங்கே வந்து கரைமுனைகளைச் சுற்றி வலப்பக்கமாக உடையும். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் அலையின் முகம் வழவழப்பாக நிற்கும். ஊர்க்காரர்கள் இந்த வெப்பக் காற்றைக் கச்சான் என்பார்கள். நவம்பரில் வாடை தொடங்கியதும் மழையும் கலங்கிய கடலும்தான். பாதி விடுதிகள் பூட்டிக் கிடக்கும். அந்த மாதங்களில் மலிவாக அறை கிடைக்கிறதே என்று போய்விடாதீர்கள்.

புதிதாகக் கற்பவர் என்றால் மே மாதமே நல்லது. அலை சிறியது, கூட்டம் குறைவு, அறை வாடகை இன்னும் ஏறியிருக்காது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் அலை பெரிதாகும், விலையும் ஏறும். ஜூன், ஜூலையில் கதிர்காமப் பாதயாத்திரை வேறு. யாழ்ப்பாணம், முல்லைத்தீவுப் பக்கமிருந்து நடந்து வரும் அடியார்கள் பொத்துவில் வழியாகத்தான் உகந்தை முருகன் கோவிலுக்குப் போய், அங்கிருந்து காட்டுக்குள் இறங்குவார்கள். காட்டுப் பாதை திறக்கும் நாட்களில் பொத்துவில் பேருந்துகளில் நிற்கவும் இடம் இருக்காது. அந்த வாரத்தில் பலகையைத் தூக்கிக்கொண்டு பயணம் வைக்காதீர்கள்.

2. விசா: இங்கேயே நிதானமாக முடியுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மின்னணுப் பயண அனுமதி போதும். இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதலில் கிடைப்பது 30 நாள்.

இங்கே ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வரும். அதே படிவத்தை நிரப்பி அனுப்பச் சேவைக் கட்டணம் என்று தனியாகக் கறப்பார்கள். நானும் அப்படி ஒன்றில் பாதி வரை போய், கட்டணப் பக்கத்தில் தொகையைப் பார்த்துத்தான் விழித்துக்கொண்டேன். தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் எல்கே' என்று முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வெளியே வந்துவிடுங்கள். இந்தியர்களுக்கான கட்டணம் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது, நடுவில் இலவசமாகவும் இருந்தது. அதனால் நண்பர் சொன்ன தொகையை நம்பாமல் அன்றைக்குத் தளத்தில் இருப்பதைப் பாருங்கள்.

தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை:

- நீங்கள் போய்ச்சேரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு
- திரும்பும் பயணச்சீட்டு (தேதியை மாற்றக்கூடியதாக இருந்தால் நல்லது, ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன்)
- முதல் சில நாள் தங்கும் இடத்தின் முகவரி
- கையில் போதிய பணம் இருப்பதற்கு வங்கிக் கணக்கு அறிக்கை
- அலைச்சறுக்கையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்பீடு. சாதாரணக் காப்பீடுகளில் பல, சாகச விளையாட்டு என்று இதை விலக்கிவிடும். பத்திரத்தில் சின்ன எழுத்தை வாசித்துவிட்டுக் கட்டுங்கள்.

எல்லாவற்றிலும் காகிதப் பிரதி இரண்டு எடுங்கள். 2024 அக்டோபரில் வந்த பாதுகாப்பு எச்சரிக்கைக்குப் பிறகு அறுகம்குடாவில் காவல் கூடியிருக்கிறது. வழியில் நிறுத்திக் கேட்டால் கடவுச்சீட்டின் பிரதியும் விசாப் பக்கமும் காட்டினால் போதும், மரியாதையாகவே அனுப்பிவிடுகிறார்கள்.

3. நீட்டிப்பு: பதினைந்தாவது நாளே தொடங்குங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். 30 நாளுக்கு மேல் இருக்க வேண்டுமென்றால் அதே திணைக்களத்திடம் நீட்டிப்புக் கேட்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். முதல் நீட்டிப்பில் மொத்தம் 90 நாள் வரை இருக்கலாம்.

இதில் இரண்டு விஷயங்களைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, நாட்கள் நீங்கள் வந்து இறங்கிய தேதியிலிருந்து எண்ணப்படும், நீட்டிப்பு கிடைத்த தேதியிலிருந்து இல்லை. 20ஆம் நாளே விண்ணப்பித்தால் மிச்சம் பத்து நாள் வீணாகுமே என்று நான் இழுத்தடித்தேன். ஒன்றும் வீணாகாது. இரண்டு, இறங்கிய நாளை முதல் நாளாக எண்ணுங்கள். இரவு பதினொன்றரைக்கு முத்திரை குத்தினாலும் அது முதல் நாள்தான்.

நான் 27ஆம் நாள் உட்கார்ந்தேன். முத்திரைப் பக்கத்தை அறை விளக்கில் கைப்பேசியால் எடுத்த படம் மங்கலாக இருந்தது. திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எடுத்து ஏற்றினால் என் வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணத்தை ஏற்கவில்லை. வங்கிக்குப் பேசினால் அன்று சனிக்கிழமை. வேறு வழியில்லாமல் இரவுப் பேருந்து பிடித்துக் கொழும்பு போய், திங்கள் காலை பத்தரமுல்லையில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் நின்றேன். வேலை முடிந்தது. ஆனால் பயணமும் காத்திருப்பும் களைப்பும் சேர்த்து நான்கு நாள் தண்ணீரில் இறங்கவில்லை. அந்த நான்கு நாளும்தான் அந்த மாதத்தின் சிறந்த அலை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

ஆகவே:

- ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையப் பணப்பரிமாற்றத்தைத் திறந்து வையுங்கள். இரண்டு அட்டை இருந்தால் நல்லது.
- இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபி இலங்கையில் கிடைக்க வேண்டும். ரோமிங்கை மூடிவிடாதீர்கள்.
- முத்திரைப் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள்.
- 15ஆம் நாளுக்கும் 20ஆம் நாளுக்கும் இடையில் விண்ணப்பித்துவிடுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததும் அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. "அறை இலவசம், நீ வரவேற்பு மேசையில் இரு, இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்" என்று சில விடுதிகளில் கேட்பார்கள். சம்பளம் கைமாறாவிட்டாலும் அது வேலைதான். பிடிபட்டால் நாடு கடத்துவது உங்களைத்தான், விடுதிக்காரரை இல்லை.

4. போய்ச் சேரும் வழி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி வருவது வழக்கமான வழி. கொழும்பிலிருந்து பொத்துவில் சுமார் 320 கிலோமீட்டர். மூன்று தெரிவுகள் இருக்கின்றன.

முதலாவது, கொழும்பு புறக்கோட்டையிலிருந்து பொத்துவிலுக்கு இரவுப் பேருந்து. எட்டு ஒன்பது மணி நேரம். ஆக மலிவு. விடியற்காலை இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து அறுகம்குடாவுக்கு ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர்.

இரண்டாவது, கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு இரயில், பிறகு கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பேருந்து. மட்டக்களப்பிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். நேரம் அதிகம், ஆனால் உடம்புக்குச் சுகம். எனக்குப் பிடித்தது இதுதான். கிளம்பும் முன் இரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வாடகைக் கார். இந்திய ரூபாயில் எட்டாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை கேட்பார்கள். நாலு பேர் சேர்ந்தால் தாங்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும், நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. கப்பல் பருவநிலையைப் பொறுத்து நிறுத்தப்படும். யாழ்ப்பாணத்திலிருந்து பொத்துவில் வெகு தூரம், நடுவில் மட்டக்களப்பில் ஒரு இரவு தங்கத் திட்டமிடுங்கள்.

எந்த வழியானாலும் மொனராகலை, லாகுகலை வழியாக வருகிறவர்கள் பகலில் வரப் பாருங்கள். லாகுகலைக் குளத்தருகே சாலையோரம் யானை நிற்பது அங்கே அன்றாடம்.

5. அறை: மூன்று இரவுக்கு மேல் முன்பதிவு வேண்டாம்

இணையத்தில் ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டிய அறை, கடலுக்கு இரண்டு நிமிடம் என்று போட்டிருந்தது. இரண்டு நிமிடம்தான், பொய் இல்லை. ஆனால் அடுத்த சுவரில் ஒரு பார் இருந்தது. இரவு இரண்டு மணி வரை பாட்டு. அதிகாலை ஐந்தரைக்கு அலைக்குப் போக வேண்டியவன் அங்கே எப்படித் தூங்குவது? மாறப்போகிறேன் என்றதும் முன்பணம் திரும்பாது என்றார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது.

மூன்று இரவுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். போய் இறங்கி, இரண்டாம் நாள் காலையில் நடந்து தேடுங்கள். பிரதான வீதியிலும் கடற்கரையிலும் விலை அதிகம், சத்தமும் அதிகம். வீதிக்கு மேற்கே, உள்ளே போகும் ஒழுங்கைகளில் குடும்பங்கள் வீட்டோடு சேர்த்து இரண்டு மூன்று அறைகள் கட்டி விட்டிருக்கிறார்கள். அங்கே தமிழில் பேசுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை, வடக்கே கோமாரி, திருக்கோவில் பக்கம் தமிழர்கள். தமிழில் ஆரம்பித்த பேச்சில் விலை தானாக இறங்கியதை நான் பலமுறை பார்த்தேன். எனக்கு அறை கொடுத்த பெரியவரைக் 'காக்கா' என்று கூப்பிடச் சொல்லித் தந்தது அவருடைய பேரன். அண்ணனைக் கூப்பிடும் சொல் அங்கே அது.

நாள் கணக்கில் 5,000 இலங்கை ரூபாய் சொன்ன மின்விசிறி அறையை, இரண்டு மாதம் இருப்பதாகச் சொல்லி மாதம் 90,000க்கு எடுத்தேன். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றரை இலங்கை ரூபாய் என்று தோராயமாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேசும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்:

- மின்கட்டணம் வாடகைக்குள் வருமா, தனியா? குளிரூட்டி அறையென்றால் பெரும்பாலும் தனி. குடிபுகும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். காக்காவே என்னைக் கூட்டிப்போய், மீட்டர் பெட்டியின் சிலந்திவலையைத் துடைத்துவிட்டு, "தம்பி, இப்ப எடுங்க, பொறகு நமக்குள்ள பேச்சு வரப்படாது" என்றார்.
- ஜூலையில் வாடகை ஏறுமா? மே மாதமே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.
- சமையலறை உண்டா? இருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும்.
- குடிதண்ணீர் எங்கிருந்து? கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும்.

6. பணமும் சிம்மும்

அறுகம்குடாவில் ஏடிஎம் உண்டு, ஆனால் சனி ஞாயிறில் காசு தீர்ந்துவிடும். பொத்துவில் நகரத்து வங்கிகளை நம்புங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யூபிஐ செல்லுபடியாகும் என்றாலும், பலகைக்கடையிலும் ஆட்டோவிலும் ரொக்கம்தான்.

சிம் கார்டை விமான நிலையத்தில் சுற்றுலாப் பொதியாக வாங்காமல், பொத்துவிலில் கடவுச்சீட்டைக் காட்டிச் சாதாரண சிம்மாக வாங்கினால் மலிவு. இணையம் அதிகம் தேவைப்படுகிறவர்கள் டயலாக் ஒன்று, மொபிட்டல் ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். விடுதியின் வைஃபை மின்சாரத்தோடு போய்விடும்.

என் மாதச் செலவு அறை, சாப்பாடு, பலகை, ஆட்டோ எல்லாம் சேர்த்துச் சுமார் 2,10,000 இலங்கை ரூபாய், அதாவது நம் காசில் 60,000. மேற்கத்திய உணவகங்களைத் தவிர்த்து, பொத்துவில் கடைகளில் சோறும் கறியும், இரவில் கொத்து, காலையில் இடியப்பமும் சொதியும் என்று இருந்ததால் இது முடிந்தது.

7. பலகையும் பயிற்சியும்

நீச்சல் தெரியாமல் போகாதீர்கள். முடிந்தால் சென்னைப் பக்கத்துக் கோவளத்தில் ஒரு வாரம் பயின்றுவிட்டுப் போங்கள். பலகையில் எழுந்து நிற்பது வரை அங்கேயே பழகிவிட்டால், இலங்கையில் பயிற்சிக் கட்டணம் நிறைய மிச்சம்.

பலகை நாள் வாடகை 1,500 முதல் 2,500 இலங்கை ரூபாய் வரை. மாதக் கணக்கில் பேசினால் பாதிக்கும் கீழே வரும். எடுக்கும்போதே பலகையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஏற்கெனவே இருக்கும் விரிசலையும் நெளிவையும் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இது நீங்கள் உடைத்தது" என்ற சண்டை இந்த ஊரில் அடிக்கடி நடக்கிறது. காலில் கட்டும் கயிறு நைந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் இருப்பதானால் பழைய பலகையை வாங்கி, போகும்போது விற்பதே லாபம். 70,000க்கு வாங்கி 58,000க்கு விற்றேன்.

பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்கும்போது உயிர்காப்புப் பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். ஒருவரே ஆறு பேரை இறக்குகிறார் என்றால் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் காசு கூடினாலும் கொடுங்கள்.

8. எந்த அலை யாருக்கு

குடாவின் தென்முனையில் இருப்பது மெயின் பாயின்ட். நீளமான, வேகமான அலை. அடியில் பாறையும், முள் உடம்புள்ள கடல் முள்ளெலிகளும். முதல் மாதம் அங்கே பலகையோடு இறங்காதீர்கள், கரையில் உட்கார்ந்து பாருங்கள், அது போதும். அதன் உட்பக்கம் பேபி பாயின்ட், அலை தணிந்து வரும் இடம். கற்பவர்கள் பாதிப்பேர் அங்கேதான், அதனால் பலகைகள் முட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை வடக்கே பொத்துவிலைத் தாண்டியிருக்கும் விஸ்கி பாயின்ட். மணல் அதிகம், அலை மெதுவாக உடையும். ஆட்டோ போய்வரக் காத்திருப்பும் சேர்த்து 3,000 வரை. மூன்று பேர் சேர்ந்து தினமும் ஒரே ஆட்டோக்காரரைப் பேசிக்கொள்ளுங்கள். தெற்கே பாணமை வழியில் பீனட் ஃபார்ம். நம் வேர்க்கடலைக்கும் அங்கே கச்சான் என்றுதான் பெயர், காற்றுக்கும் அதே பெயர். காலை ஆறு மணிக்கு அங்கே போய்விட்டால் இரண்டும் உங்களுக்குக் கிடைக்கும்.

எங்கே ஆனாலும் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் நல்ல நேரம். அப்புறம் கடற்காற்று ஏறி அலை குலைந்துவிடும். ஒரு அலைக்கு ஒருவர் என்பது எழுதாத சட்டம்: அலை உடையும் இடத்துக்கு மிக அருகில் இருப்பவருக்கே அது சேரும். குறுக்கே விழுந்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேளுங்கள், ஊர்ப் பையன்கள் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

எலிஃபன்ட் ராக் என்ற பாறைப் பக்கத்துக் களப்பில் (கடலையொட்டிய உப்பங்கழி) கால் கூட நனைக்காதீர்கள். முதலை உண்டு. 2017இல் ஒரு பிரிட்டிஷ் இளைஞர் அங்கேதான் உயிரிழந்தார். கரைவழியே திரும்பும்போது குறுக்குவழி என்று களப்பைக் கடப்பவர்களை நான் கண்ணால் பார்த்தேன். வேண்டாம்.

9. வண்டி ஓட்டுவதென்றால்

ஸ்கூட்டர் வாடகைக்குத் தருபவர்கள் உரிமம் கேட்க மாட்டார்கள். காவலர் கேட்பார். இந்திய உரிமம் மட்டும் போதாது. கிளம்பும் முன் ஆர்டிஓவில் படிவம் 4ஏ மூலம் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுங்கள், கட்டணம் 1,000 ரூபாய். அதைக் கொழும்பில் மோட்டார் வாகனச் சங்கத்தில் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். விமானம் இறங்கிய அன்றே கொழும்பில் முடித்துவிடுங்கள். ஒப்புதல் இல்லாமல் விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது. பாணமைச் சாலையில் மாலை ஆறுக்குப் பிறகு ஓட்டாதீர்கள், யானை.

10. ஊரோடு இருப்பது

கடற்கரைக்கு வெளியே, குறிப்பாகப் பொத்துவில் கடைத்தெருவில், ஈரக் காற்சட்டையோடு திரியாதீர்கள். வெள்ளி நண்பகல் ஜும்மா நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். பௌர்ணமி நாட்களில் நாடு முழுதும் மது விற்பனை கிடையாது. படகுகள் கரை ஏறும் இடத்தில் துண்டு விரித்துப் படுக்காதீர்கள், வலை இழுக்கும் வேலை முதலில்.

11. உடம்பு

பாறையில் உரசிய காயத்தை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி போட்டு, ஆறும் வரை கடலில் இறங்காமல் இருங்கள். நான் ஒரு சின்னச் சிராய்ப்பை அலட்சியமாக விட்டு, சீழ் வைத்து ஆறு நாள் நொண்டினேன். கடல் முள்ளெலி குத்தினால் நோண்டாதீர்கள், பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே தமிழிலேயே பேசலாம். காதில் தண்ணீர் நிற்பது, கொசு, வெயில் மூன்றுக்கும் மருந்தை ஊரிலிருந்தே கொண்டு போங்கள்.

12. கிளம்பும்போது

பலகையை விற்க இரண்டு வாரம் முன்பே கடைகளில் சொல்லிவையுங்கள். கடைசி நாளில் விற்கிறவர் என்று தெரிந்தால் பாதி விலைதான். மீட்டரை வீட்டுக்காரரோடு சேர்ந்து பாருங்கள், முன்பணத்தை முந்தின நாள் மாலையே வாங்குங்கள். விமானத்துக்கு முதல்நாள் இரவே கொழும்பு போய்ச் சேரும்படி பேருந்து பிடியுங்கள். விசா முடியும் தேதிக்கும் விமானத் தேதிக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் இருக்கட்டும். காலம் மீறினால் விமான நிலையத்தில் டாலரில் கட்ட வேண்டிவரலாம்.

பயணப்பையில் வேர்க்கடலைக்குக் கொஞ்சம் இடம் வையுங்கள். கடைத்தெருவில் மணலில் வறுத்துக் காகிதச் சுருளில் தருவார்கள். கேட்கும்போது கச்சான் என்று கேளுங்கள்.